கன்னத்தில் ஒரு புள்ளி



இந்த இதழின் அட்டைப்படத்தை உற்றுப் பாருங்கள். அதிலுள்ள பெண்ணின் வலது கன்னத்தில் ஒரு பரு இருக்கும். "அழிச்சிடட்டுமா சார்?" என்றார் வடிவமைப்பாளர். வேண்டாம் என்றேன். உடனே அலுவலகத்தில் பட்டிமன்றம். சூட்டுக் கொப்புளம் என்றார் ஒருவர். எண்ணெய்ப் பலகாரத்தின் வேலை என்றார் இன்னொருவர். "கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார் பிழை திருத்தும் அம்மா.

மச்சம், மரு, மங்கு, தேமல், பாலுண்ணி, வேர்க்குரு என்று தோலில் தோன்றும் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்த நாம், பருவை மட்டும் ஏனோ ஒரே பெயரோடு விட்டுவிட்டோம். ஆகவே எல்லாப் பருவுக்கும் ஒரே வைத்தியம்.

எண்ணெய்ப் பசையும் உதிர்ந்த செல்களும் மயிர்க்காலை அடைத்துக்கொள்வதில்தான் பரு தொடங்குகிறது. துளையின் வாய் மூடியிருந்தால் வெள்ளைக் குருணை. திறந்திருந்தால் கறுப்பு, பார்லரில் பிளாக் ஹெட்ஸ் என்கிறார்களே, அது. அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. தோலின் நிறமியும் எண்ணெயும் காற்றுப் பட்டுக் கறுத்தது. இது தெரியாமல் தேங்காய் நாரால் மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டவன் அடியேன். அப்போது வயது 16.

அடைப்புக்குள் கிருமி பெருகி வீங்கினால் சிவந்த பரு (நம் மாநிறத்தில் அது எப்போதும் சிவப்பாகத் தெரிவதில்லை), அடுத்து சீழ் வைத்த பரு. நகம் படாவிட்டால் இவை பெரும்பாலும் தானே ஆறும். அஞ்ச வேண்டியது ஆழத்தில் கல்லுப் போல் திரண்டு, தொட்டாலே வலிக்கும் கட்டிப்பருவுக்குத்தான். பிதுக்கினால் உள்ளேயே உடைந்து குழி விழும்; குழி தானாக மறையாது. அங்கே ஜாதிக்காயை உரசிப் போட்டுக் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நமக்கு வரும் கடிதங்களில் பருவைவிட, பரு போன இடத்துக் கறுப்பைப் பற்றிய புலம்பல்தான் அதிகம். வீக்கம் ஆறும்போது தோல் கூடுதலாகக் கொட்டிவிட்ட நிறமி அது. வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் மங்கும். அதற்குள் அவசரப்பட்டு, மருந்துக் கடையில் "முகத்துக்கு ஒரு க்ரீம்" என்று கேட்பவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்பானால் சில நாளில் முகம் பளிச்சென்று ஆகும். நிறுத்தியதும் எரியும், சிவக்கும், கொத்துக் கொத்தாகப் பரு கிளம்பும். பதறிப்போய் மறுபடி அதையே தடவுவார்கள். இத்தகைய 14 களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு அறிவித்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது.

படத்தைப் போட அனுமதி கேட்டு அந்தப் பெண்ணோடு பேசினேன். பரு எப்போதோ போய்விட்டதாம். "இப்ப அந்த இடத்துல கறுப்பு சார். அடுத்த அட்டைக்கு வேணும்னா சொல்லுங்க" என்று சிரித்தார்.

அன்புடன்,
ஆசிரியர்