மார்கழியும் நம் பையன்களும்

மார்கழி பிறந்தால் வீட்டில் அம்மாவுக்கு இரட்டை வேலை. விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போட்டாக வேண்டும்; பையன்களின் அரையாண்டுப் பரீட்சையும் அதை ஒட்டித்தான் வந்து நிற்கிறது. "குழந்தை ராத்திரியெல்லாம் படித்தான், எழுப்பாதே" என்று பாட்டி சிபாரிசுக்கு வருவாள். பரீட்சை தங்கைக்கும் உண்டு. அவள் மட்டும் பனியில் கோலமாவுக் கிண்ணத்துடன் நிற்கலாமாம்!

திருப்பாவைப் பாசுரங்கள் 30, நாளைக்கு ஒன்று. சொல்ல 5 நிமிஷம்கூட ஆகாது. பையன் தாராளமாகச் சொல்லட்டும். அதற்கு முன் இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைக்கட்டும். கோலத்தையும் போடட்டும், கோணினால் கோணட்டும். வேலையை அம்மா தலையில் விட்டுவிட்டு, கோயில் பொங்கலுக்கு மட்டும் முதல் ஆளாய்க் கை நீட்டுவதை நான் பக்தியில் சேர்ப்பதில்லை. தை முதல் நாள் வெண்கலப் பானை தேய்க்கும் வேலை வரும். அதையும் இப்போதே அவன் பெயரில் எழுதி வைக்கலாம்.