ஆயாவுக்குப் பேரில்லையா?

காலனிய இந்தியாவில் வாழ்ந்த வெள்ளையர் குடும்பங்கள் பொழுதுபோக்காக எடுத்த படங்களை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம் சேகரித்து இணையத்தில் வைத்திருக்கிறது. ‘அந்தக் கால அன்றாட வாழ்க்கை’ என்று இத்தகைய படங்களைக் கொண்டாடுகிறார்கள். யாருடைய அன்றாடம்?

1923இல் கோடாக் நிறுவனம் 16 மி.மீ. படச்சுருளையும் அதற்கான கேமராவையும் கொண்டுவந்தது. கேமரா, புரொஜெக்டர், திரை எல்லாம் சேர்த்து 335 டாலர். 100 அடிச் சுருள் நான்கு நிமிடம்தான் ஓடும். ஆகவே எது பார்க்கத் தகுந்தது என்று முடிவுசெய்த பிறகே துரை விசையை அழுத்தினார். குழந்தையின் பிறந்தநாள், வேட்டை, தேநீர் விருந்து, நாய். ஆயாவும் வருகிறாள், குழந்தையை ஏந்திய இரண்டு கைகளாக. குழந்தைக்குப் பெயர் உண்டு, சில சமயம் நாய்க்கும் உண்டு. அவளுக்கு வேலைதான் பெயர். பெரும்பாலான படங்களில் ஒலியும் கிடையாது. அவள் உதடு அசைவது தெரிந்தால் நான் அங்கேயே நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். தாலாட்டா, வசவா? தமிழில் முனைவர் பட்டம் வாங்கி என்ன பயன்!

“எடுத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லையே” என்கிறார் உடன் பணிபுரியும் பேராசிரியர். எண்ணத்தை யார் கேட்டது? இல்லாதவளை இல்லாதவளாகவே காப்பகத்தின் பட்டியலிலும் எழுதிவைப்பதைத்தான் கேட்கிறேன். ‘பெயர் பதிவு செய்யப்படாத பெண்’ என்றாவது எழுதலாமே. குற்றம் யாருடையது என்பதாவது தெரியும்.

நம்மவர்களிடமும் கேமரா இருந்தது. கோவையின் ஜி.டி. நாயுடு 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்தார். ஏ.கே. செட்டியார் பல நாடுகளில் அலைந்து படத்துண்டுகளைச் சேர்த்து 1940இல் காந்தி பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். இருவர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மன்னரும் மகாத்மாவும் படச்சுருளுக்குள் போன அந்தக் காலத்தில், திருப்பூரில் கதருக்காக நூல் நூற்ற பெண்களில் ஒருத்தி என் அம்மாயி. அவளுக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை.

இன்று கேமரா இல்லாத கை இல்லை என்பீர்கள். எங்கள் பக்கத்து நூற்பாலை விடுதிகள் பலவற்றில் பெண்பிள்ளைகள் கைப்பேசி வைத்துக்கொள்ளத் தடை. பனியன் கம்பெனிக்குள் படமெடுப்பது பையர் வரும்போதுதான். அன்று மட்டும் மாஸ்க், தலைக்குத் துணி, சிரிப்பு. ஓவர்லாக் மிஷினில் குனிந்திருப்பவள் அந்தப் படத்தில் ‘தொழிலாளி’. துரையின் படத்தில் ஆயா இருந்த அதே இடம்.

வகுப்பில் இந்தப் பழைய படங்களைப் போட்டேன். “அந்த ஆயாவுக்குப் பேரே இல்லைங்களா, மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள். சனி, ஞாயிறு கைமடிக்கப் போகிற பிள்ளை. இரண்டு வாரம் கழித்துக் கைப்பேசியை நீட்டினாள். செக்கிங் டேபிளில் அவள் அம்மா, நாற்பது விநாடி. கோப்புக்குப் பெயராக அம்மாவின் முழுப்பெயர், தேதி, ‘ஒன்றரை ஷிப்ட்’.

கல்லூரி விழாவில் திரையிடலாமே என்றேன், ஆசைப்பட்டு.

“அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சுங்க மிஸ், ஓனர் கண்ணுல படற மாதிரி எங்கியும் போட்றாத கண்ணுன்னு.”