பட்டா கேட்காத மூட்டை

மாத்தூரில் ஏரி இன்னும் இருக்கிறது. அதன் தண்ணீரை நம்பி நட்ட வயல்கள்தான் இல்லை. 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு விவசாய மானியத்தைப் பற்றி எழுதுகிறேன். காரணம், அடுத்தாற்போல் இருக்கும் மணலி. அங்கே மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலையில் 1971 முதல் உரம் தயாராகிறது.

45 கிலோ யூரியா மூட்டையை விவசாயி 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறார். அதைத் தயாரிக்க ஆகும் செலவு பல மடங்கு. மிச்சத்தை மத்திய அரசு ஆலைக்குக் கட்டிவிடுகிறது. உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிறிய 2022-23இல் மட்டும் மொத்த உர மானியம் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். 2018 முதல் ஒரு கட்டுப்பாடு உண்டு: கடையில் ஆதார், கைரேகை வாங்கி மூட்டையை விற்றால்தான் ஆலைக்கு அந்தப் பணம் வரும்.

போன நவரைப் பட்டத்தில் மீஞ்சூர் பக்கம் பெரியப்பா மகனோடு உரக்கடைக்குப் போயிருந்தேன். அண்ணன் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பயிர் வைக்கிறார். மிஷினில் கட்டைவிரலை வைத்தார், ரேகை விழவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார், விழவில்லை. சேற்றிலும் நாற்றுமுடியிலும் நாற்பது வருஷம் கிடந்த விரல், வழவழவென்று தேய்ந்திருந்தது. கடைக்காரர் ஈரத்துணி கொடுத்து, "மோதிர விரலை வைண்ணே" என்றார். அது எடுத்துக்கொண்டது. நிலம் யார் பேரில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. உழுகிறவர் வந்தார், மூட்டை கிடைத்தது.

2019இல் வந்த பி.எம். கிசான் திட்டத்தில் கதை வேறு. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. ஆனால் நிலம் சொந்தப் பேரில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. 2020இல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோரின் பேரைச் சேர்த்து நூறு கோடிக்கு மேல் சுருட்டிய மோசடி வெளியே வந்து, சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. அதற்குப் பிறகு நில ஆவணத்தைக் கறாராகப் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், எந்த ஆவணத்திலும் பேரில்லாத உண்மையான விவசாயியை யார் கணக்கில் எடுப்பது?

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் நிலத்துக்காரர்கள் எழுதுவதில்லை. கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்று குத்தகைக்காரர்களும் கேட்பதில்லை. ஒடிசா அரசு தன் காலியா உதவித்தொகைத் திட்டத்தில் குத்தகைக்காரர்களையும் நிலமில்லாத கூலிகளையும் சேர்த்தது. மனசு வைத்தால் வழி இருக்கிறது.

உர மானியத்தையும் வங்கிக் கணக்கில் பணமாகவே போட்டுவிடலாம் என்று நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யூரியா மட்டும் மலிவாகக் கிடைப்பதால் அளவுக்கு மேல் போடுகிறார்கள், மண் கெடுகிறது என்பது நிஜம். மூட்டை 1,350 ரூபாய் விற்கும் டி.ஏ.பி. உரத்தைக் குறைத்துக்கொண்டு யூரியாவை அள்ளிப் போட்டு, கருகருவென்று வளர்ந்த பயிர் கதிர் முற்றும் நேரத்தில் சாய்ந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பணமும் பட்டாவைப் பார்த்துத்தான் போகும் என்றால், அண்ணன் முழு விலை கொடுத்து உரம் வாங்குவார். மானியம் அம்பத்தூரில் குடியிருக்கும் நிலத்துக்காரர் கணக்கில் ஏறும். முதலில் குத்தகைக்காரர்களின் பேர் அரசுக் கணக்கில் ஏறட்டும், பிறகு மானியத்தைப் பணமாக்கலாம்.

கடையிலிருந்து இரண்டு மூட்டைகளை டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் ஏற்றிக் கட்டும்போது, கிசான் பணத்தைப் பற்றிக் கேட்டேன். அண்ணன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டபடியே சொன்னார்: "அது நெலத்துக்காரருக்கு வருதுப்பா. எனக்கு வர்றது இந்த மூட்டைதான்."