அடுத்த வீட்டுப் பிடி



விடுமுறைக்கு வெளியூர் செல்வோர் அவ்வூர் உணவை உண்டு பார்க்க விரும்புவது இயல்பு. அதில் குற்றமில்லை. நம் ஆண்டவரும் விருந்துக்கு அழைத்தோரின் இல்லங்களுக்கு மறுக்காமல் சென்றவரே. ஆயினும் அத்தகைய உணவு ஒன்று என் மனச்சான்றைத் தட்டியெழுப்பிய கதையை இம்மாதம் உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

தென் இத்தாலியின் பாரி நகரில், 1087-ஆம் ஆண்டு அங்குக் கொண்டுவரப்பட்ட புனித நிக்கோலாரின் திருப்பண்டங்களை வணங்கிவிட்டு, ஏறக்குறைய 65 கி.மீ. தொலைவிலுள்ள மாத்தேராவுக்குச் சென்றேன். 2004-இல் வெளிவந்த கிறிஸ்துவின் பாடுகள் பற்றிய திரைப்படத்தில் எருசலேமாக நீங்கள் கண்டது இவ்வூரின் கற்படிகளையே.

மலைச்சரிவைக் குடைந்து அமைத்த குகைவீடுகளை அங்கே 'சாஸ்ஸி' என்கின்றனர். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஒரே குகையில் பெற்றோரும் பிள்ளைகளும் கோவேறு கழுதையும் கோழிகளும் சேர்ந்து வாழ்ந்தனர். நோயினால் குழந்தைகள் பலர் மாண்டனர். 1952-இல் அரசு தனிச்சட்டம் இயற்றி, சுமார் 15,000 பேரைப் படிப்படியாகப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றியது. அக்குகைகள் 1993-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. இன்று அவற்றுள் பல, தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் விளங்குகின்றன.

அத்தகைய உணவகமொன்றில் 'கிராப்பியாத்தா' என்னும் பழைய உணவைக் கேட்டு வாங்கினேன். கோதுமை, கொண்டைக்கடலை, காய்ந்த அவரை விதை, மைசூர்ப் பருப்பு, உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஒன்றாக வேகவைத்து, ஒலிவ எண்ணெய் ஊற்றித் தருகின்றனர். உடன், தடித்த மேலோடுள்ள அவ்வூர் ரொட்டி. சுவையாகவே இருந்தது. பரிமாறிய பெண்மணியிடம், "உங்கள் வீட்டிலும் இதைச் சமைப்பதுண்டோ?" என்று கேட்டேன்.

"என் தந்தை இதுபோன்ற குகையில்தான் பிறந்தார், சுவாமி. ஆனால் உணவகத்தில் இதை உண்ணமாட்டார்."

"வறுமையின் நினைவு வருத்துமோ?"

"அதற்காக அன்று. இதில் அடுத்த வீட்டுப் பிடி இல்லை என்பார்."

பின்னர் அவரே விளக்கினார். பல குகைவீடுகளுக்குப் பொதுவாக ஒரு முற்றம் இருக்கும். அறுவடை முடிந்தபின், ஆகஸ்ட் முதல் நாளன்று, ஒவ்வொரு வீட்டாரும் தம்மிடமுள்ள தானியத்தில் ஒரு பிடி கொணர்ந்து ஒரே பானையில் இடுவர். எல்லாரும் சேர்ந்து உண்பர். மற்ற நாட்களில் பிசைந்த மாவைப் பொது அடுப்புக்கு அனுப்பும்போது, ரொட்டி மாறிவிடாதபடி குடும்பத்தின் மர முத்திரையை அதில் பதிப்பர். ரொட்டிக்கு முத்திரை உண்டு. பானையில் இட்ட பிடிக்கோ முத்திரை இல்லை. யாருடையது எதுவென்று அறிய இயலாது.

இச்சொல் என்னைச் சுட்டது. நம் தாய்மார் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக்கலயத்தில் சேர்த்து, ஏழைகளுக்கென ஆலயத்துக்குக் கொணர்ந்த வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். அரிசியை அளப்பதும் காப்பதும் தொல்லை எனக் கருதி, எங்கள் பங்கில் அதைப் பணமாகத் தரச் சொன்னவன் நானே. கொடுத்தோரின் பெயரையும் தொகையையும் திருப்பலி முடிவில் வாசிக்கச் செய்தவனும் நானே. ஐம்பது ரூபாய் கொடுக்க இயலாத கைம்பெண்கள் சிலர் நாளடைவில் கொடுப்பதையே நிறுத்தினர். முத்திரையற்ற பிடிக்கு நான் முத்திரை குத்திவிட்டேன்!

வறுமையைப் புகழ நான் முன்வரவில்லை. குழந்தைகள் மாண்ட குகையை ஒருவரும் மேன்மைப்படுத்தலாகாது. ஆனால் வறியோரும் கொடுப்பவராக இருந்த மாண்பை, வசதி வந்தபின் நாம் இழந்துவிடலாமா? பொதுப் பந்தியில் இல்லாதோரை நாணச் செய்த கொரிந்து நகரத்தாரைத் திருத்தூதர் பவுல் கடிந்துகொண்டாரன்றோ?

நான் திரும்பிய வாரமே எங்கள் ஆலய வாயிலில் பழைய கலயத்தை வைத்தோம். பெயர்ப் பட்டியல் இனி வாசிக்கப்படாது. சென்ற ஞாயிறன்று கலயத்தில் பாதி நிறைந்திருந்தது. யார் யார் இட்டனர் என்பதை நான் அறியேன்.

உங்கள் இல்ல அடுப்பருகிலும் அத்தகைய சிறு கலயம் ஒன்று இருக்கட்டும். இறைவன் அதை ஆசீர்வதிப்பாராக!