20 வயதில் முடிந்த டெஸ்ட், முடியாத குரல்: எல்.சிவராமகிருஷ்ணனின் இரண்டு இன்னிங்ஸ்

டி.என்.பி.எல். தொடரில் திருச்சியின் பெயரில் ஒரு அணி ஆடுகிறது. ஆனால், அதன் மேட்ச்சை நேரில் பார்க்க திருச்சிக்காரர் திண்டுக்கல்லுக்கோ சேலத்துக்கோ பஸ் ஏற வேண்டும். பெரும்பாலானவர்கள் ஏறுவதில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே போனைத் திறந்து இயர்போனை மாட்டிக்கொள்கிறார்கள். இந்த ஊருக்குக் கிரிக்கெட் எப்போதுமே கண்ணைவிடக் காது வழியாகத்தான் அதிகம் வந்திருக்கிறது. 1939-லேயே வானொலி நிலையம் வந்த ஊர் இது. ஸ்ரீரங்கத்து உத்திர வீதி, சித்திரை வீதித் திண்ணைகளில் டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்து ஸ்கோர் கேட்டவர்கள் இன்றைக்குத் தாத்தாக்கள். அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை இன்னும் அவர்கள் காதில் இருக்கிறது. சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளில்கூட கிரிக்கெட் மட்டையோடு திரியும் பையன்கள் வருவார்கள்.

அந்தத் தாத்தாக்களிடமும் அவர்களின் பேரன்களிடமும் ஒரே பெயரைச் சொல்லிப் பாருங்கள்: எல்.சிவராமகிருஷ்ணன்.

"டிவியில கமென்ட்ரி சொல்வாரே, அவர்தானே?" என்பான் பேரன். தாத்தாவோ, "வான்கடேல பன்னெண்டு விக்கெட்!" என்பார். இரண்டு பேரும் சொல்வது ஒரே ஆளைத்தான். ஆனால், பேரனுக்குத் தெரிந்த சிவாவைத் தாத்தா பெரிதாக மதிப்பதில்லை. தாத்தாவுக்குத் தெரிந்த சிவாவைப் பேரன் பார்த்ததே இல்லை.

சிவா 1965 டிசம்பர் 31 அன்று சென்னையில் பிறந்தவர். லெக் ஸ்பின்னர். மணிக்கட்டை முறுக்கி வீசும் இந்தக் கலை, சுழல் பந்துவீச்சிலேயே கைவசப்படக் கஷ்டமானது. பந்து பேட்ஸ்மேனின் கண்ணுக்கு மேலே எழும்ப வேண்டும், அவர் எதிர்பார்த்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே விழ வேண்டும், விழுந்ததும் திரும்ப வேண்டும். நடுவில் ஒரு கூக்ளியையும் ஒளித்து வைக்க வேண்டும். முப்பது வயதில் பக்குவப்படும் இந்த வித்தை, சிவாவுக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. ரஞ்சி டிராபியில் முதல் மேட்ச்சிலேயே, டெல்லிக்கு எதிராக 28 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 16.

1983-ல் மேற்கிந்தியத் தீவுகளின் ஆன்டிகுவாவில் டெஸ்ட் அறிமுகம். வயது 17 ஆண்டு, 118 நாள். 1989-ல் சச்சின் வரும்வரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய மிக இளையவர் அவர்தான். அந்த மேட்ச்சில் விக்கெட் எதுவும் விழவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த வருடம் தீபாவளிக்குப் பிந்தைய நாட்கள். இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. மும்பையில் டெஸ்ட் தொடங்குவதற்கு முதல் நாள், பிரிட்டனின் துணைத் தூதரக அதிகாரி பெர்சி நோரிஸையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இங்கிலாந்து அணி ஆடுமா, ஊருக்குக் கிளம்புமா என்பதே சந்தேகம். அந்தச் சூழ்நிலையில் தொடங்கிய வான்கடே டெஸ்ட்டில் 18 வயது சிவா முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 6, இரண்டாவதில் 117 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். இந்தியா ஜெயித்தது. அடுத்த டெல்லி டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் மறுபடி 6. தொடர்ந்து மூன்று முறை ஆறு விக்கெட்! ஒரு தேசம் முழுக்க அந்தப் பையனின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. கொள்ளிடம் மணலில் டென்னிஸ் பந்து வீசிய பையன்கள் உட்பட.

1985 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் தொடரின் இறுதிப் போட்டியில் பாகிஸ்தானை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். அன்றைக்கு 3 விக்கெட். அந்த அணியில் ஒரு வேடிக்கை உண்டு. கேப்டன் கவாஸ்கர், தொடரின் நாயகன் ரவி சாஸ்திரி, இறுதிப் போட்டியில் 67 ரன் அடித்த ஸ்ரீகாந்த், சிவா... நான்கு பேருமே பிற்பாடு மைக் பிடித்தவர்கள். டிவி பார்க்கிறவர்களுக்கு இவர்கள் வர்ணனையாளர்கள். அன்றைக்கு மெல்போர்னில் ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தவர்கள்.

மற்ற மூவரும் ஆடி முடித்து மைக்குக்கு வந்தார்கள். சிவாவுக்கு ஆட்டம் பாதியில் நின்றுபோனது. பந்தில் பழைய எழுச்சி குறைந்தது, விழ வேண்டிய இடம் தவறியது. 1986 ஜனவரியில் சிட்னியில் ஆடியதுதான் அவருடைய கடைசி டெஸ்ட். இருபதாவது பிறந்த நாள் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. 1987 உலகக் கோப்பையில் இரண்டு மேட்ச் கிடைத்தது. 21 வயதில் எல்லாம் முடிந்துவிட்டது. 9 டெஸ்ட், 26 விக்கெட்.

இதே சிட்னியில்தான், 1992 ஜனவரியில், இன்னொரு லெக் ஸ்பின்னர் இந்தியாவுக்கு எதிராக அறிமுகமானார். 150 ரன் கொடுத்து ஒரே ஒரு விக்கெட். அந்த விக்கெட்டும் 206 அடித்து முடித்த ரவி சாஸ்திரி. அந்தப் பந்துவீச்சாளர் ஷேன் வார்ன். அப்போது அவருக்கு வயது 22. அதாவது, சிவாவின் சர்வதேச ஆட்டம் முழுவதுமாக முடிந்துபோன வயதைத் தாண்டித்தான் வார்னுக்கு ஆட்டமே தொடங்கியது. சிவாவுக்குத் திறமை போதவில்லை என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை எடுத்துக் காட்டலாம். போதாமல் போனது அவருக்குக் கொடுக்கப்பட்ட காலம்தான்.

கை ஏமாற்றியவர்களுக்கு வாய் கைகொடுப்பது கிரிக்கெட்டில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தில் பீட்டர் அலிஸ் என்று ஒரு கோல்ஃப் வீரர். 1958-ல் இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் ஓபன் பட்டங்களை அடுத்தடுத்து மூன்று வாரங்களில் வென்றவர். பிற்பாடு, குழிக்கு மிக அருகே கிடக்கும் பந்தைத் தட்டும்போதுகூட கை நடுங்கத் தொடங்கியது. கோல்ஃப் வீரர்கள் பேயைவிட அதிகம் பயப்படும் வியாதி இது. ஆடிக்கொண்டிருக்கும்போதே, 1961-ல் பி.பி.சி.யில் பேசத் தொடங்கியிருந்தார் அலிஸ். 2020-ல் தன் 89-வது வயதில் இறக்கும்வரை கோல்ஃப்பின் குரல் அவர்தான். ஒரு வீரர் எளிதான பந்தைத் தவறவிடும்போது அலிஸ் அவரைக் கேலி செய்தாலும் அதில் ஒரு பரிவு இருக்கும். தவறவிட்டுப் பழகியவர் ஆயிற்றே!

சிவாவின் இரண்டாவது இன்னிங்ஸ் 2000 நவம்பரில், வங்கதேசம் தன் முதல் டெஸ்ட்டை டாக்காவில் இந்தியாவுக்கு எதிராக ஆடியபோது தொடங்கியது. சாஸ்திரியைப் போல ஸ்டேடியம் அதிரப் பேசுவது அவர் பாணி அல்ல. ஸ்ரீகாந்தைப் போல சிரிக்க வைப்பவரும் அல்ல. சில நேரம் விளக்கம் நீண்டுவிடும், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால், ஒரு ஸ்பின்னர் ஓடி வரும்போது அவரைக் கேட்க வேண்டும். விரல் எங்கே இருக்கிறது, மணிக்கட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது, பேட்ஸ்மேன் ஏன் கூக்ளியைப் பிடிக்கவில்லை என்பதையெல்லாம் பந்து விழுந்த அடுத்த நொடியில் பிரித்துச் சொல்லிவிடுவார். தெரு கிரிக்கெட்டில் லெக் ஸ்பின் போடும் பையனுக்கு இது இலவச கோச்சிங். 2013-ல் ஐ.சி.சி. கிரிக்கெட் கமிட்டியில் வீரர்களின் பிரதிநிதியாகவும் போனார். அந்தத் தேர்வு சர்ச்சையாகவும் ஆனது.

பிறர் ஆட்டத்தைப் பற்றி இருபது வருடம் பேசியவர், தன்னைப் பற்றிய ஒன்றை 2021 நவம்பரில்தான் வெளிப்படையாகச் சொன்னார். இங்கிலாந்தில் அசீம் ரபிக் என்ற வீரர் நிறவெறி பற்றிப் பேசி உலகமே அதிர்ந்திருந்த சமயம். வாழ்நாள் முழுக்கத் தன் தோல் நிறத்துக்காக ஒதுக்கப்பட்டதாகவும், அது சொந்த நாட்டிலேயே நடந்தது என்றும் ட்விட்டரில் எழுதினார் சிவா. பிறகு பேட்டிகளில் விவரமாகவும் சொன்னார். அணியில் சின்னப் பையனாக இருந்தபோது வந்த ஒரு பிறந்த நாளில், சாக்லெட் கேக்கின் நிறத்தைச் சுட்டிக்காட்டி சக வீரர் ஒருவர் அவரைக் கிண்டல் செய்தார். பையன் அழுதுவிட்டான், கேக்கை வெட்ட மறுத்தான். கவாஸ்கர்தான் சமாதானப்படுத்தினார்.

இதைப் படித்துவிட்டு, "அந்த வயசுல கிண்டல் சகஜம்தானே" என்று கடந்துபோனவர்கள் நிறைய. ஆனால், பதின்ம வயதில் பெரிய மனிதர்களுக்கு நடுவே தனியாக ஒரு பையன். அவனுடைய பந்து சரியாக விழ வேண்டும் என்றால் மனசு லேசாக இருக்க வேண்டும். லெக் ஸ்பின் அப்படிப்பட்ட கலை. அவருடைய வீழ்ச்சிக்கு இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், கணக்கில் சேர்க்காமல் விடவும் முடியாது. தமிழகத்தின் இன்னொரு டெஸ்ட் வீரர் அபினவ் முகுந்தும் 2017-ல் இதே வலியைப் பொதுவெளியில் எழுதினார். அவரும் இப்போது வர்ணனையாளர்தான்.

தாத்தாவின் சிவாவைப் பார்க்க இப்போது டிரான்சிஸ்டர் தேவையில்லை. போனில் '1985 மியாண்டட் ஸ்டம்பிங்' என்று தேடினாலே போதும். படம் கொஞ்சம் மங்கல்தான். 48 ரன்னில் நிற்கும் ஜாவேத் மியாண்டட், அவ்வளவு எளிதில் ஏமாறாத ஆள், கிரீஸை விட்டு வெளியே வருகிறார். பந்து மட்டையைத் தாண்டித் திரும்புகிறது. சதானந்த் விஸ்வநாத் பெயில்ஸைத் தட்டிவிட்டுத் துள்ளுகிறார். பந்து வீசிய ஒல்லிப் பையனுக்கு அன்று வயது 19.