மணிக்கயிறு யார் கையில்?

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியைத் தானே அடித்தது என்பதே அக்கதையின் உயிர். தேரோட்டிய இளவரசனிடம் விண்ணப்பித்து, அவன் பரிந்துரைத்த பிறகே மணியைத் தொடலாம் என்று எவரும் அதற்கு விதிக்கவில்லை. நம் நிலச் சட்டங்களோ அப்படித்தான் விதிக்கின்றன.

பூந்தமல்லியிலும் அம்பத்தூரிலும் உரிமையியல் நீதிமன்றங்கள் இருக்கின்றன. அண்டை வீட்டார் சுவரைத் தள்ளிக் கட்டினால் அங்கே வழக்காடலாம். அரசே மனையை எடுத்துக்கொண்டால் ஆகாது. 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம், 63ஆம் பிரிவில் அக்கதவைச் சாத்திவிட்டது. இழப்பீடு போதவில்லையா? 64ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். அவர்தான் அதை உரிய ஆணையத்துக்கு அனுப்புவார். முப்பது நாளில் அனுப்பாவிட்டால் ஆணையத்தை நாம் அணுகலாம். எதற்கு? ஆட்சியரை அனுப்பச் சொல்லும்படி கேட்பதற்கு! விலையை நிர்ணயித்தவரே வழக்குக்கும் வாயிற்காவலர். 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு நிறுத்திய காவல் இது. வெள்ளையர் போயினர், காவல் போகவில்லை.

உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு இருக்கிறதே என்பர். உண்மை. ஆனால் அங்கே சாட்சி விசாரணை அரிது, கோப்புகளே பேசும். கோப்புகள் இருப்பதோ அரசிடம். திருமழிசையில் அரை கிரவுண்டு வைத்திருப்பவர் அதற்கு எத்தனை முறை பாரிமுனைக்கு அலைவார்?

வென்றாலும் நிம்மதியில்லை. நெடுஞ்சாலைக்கும் தொழில்திட்டங்களுக்கும் நிலமெடுக்கத் தமிழகம் வைத்திருக்கும் தனிச்சட்டங்களுக்கு விலக்களித்த 105ஏ பிரிவை, 2019 ஜூலையில் உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. அவ்வாண்டே பேரவை, 2013 செப்டம்பர் 26 முதலே நடப்புக்கு வந்ததாகப் பின்தேதியிட்டு, அச்சட்டங்களை உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றும் வல்லமை ஒரு தரப்புக்கு மட்டுமே உண்டென்பதை மறுப்பார் யார்?

வழக்குகளால் பொதுத்திட்டங்கள் முடங்கும் என்பது வழக்கமான வாதம். பூந்தமல்லிக்கு மெட்ரோ வேண்டாமென நாம் சொல்லவில்லை. அறிவிப்பு, செவிமடுத்தல், காரணம் கூறும் ஆணை ஆகியவை அரசியல் சட்டத்தின் 300ஏ பிரிவுக்குள் அடங்கியவை என்று 2024 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. அவற்றை முறையாகச் செய்தால் பாதி வழக்குகள் பிறக்கவே மாட்டா. இழப்பீட்டு வழக்கோ எந்தத் தூணையும் நிறுத்தப் போவதில்லை.

நாம் கேட்பது சலுகையன்று. இழப்பீட்டில் மனக்குறை உள்ளவர் ஆட்சியரின் கையொப்பத்துக்குக் காத்திராமல், பூந்தமல்லி நீதிமன்றத்திலேயே நேராக வழக்குத் தொடுக்கட்டும். எடுத்தவரிடம் அனுமதி பெற்று முறையிடுவதை நீதி என்று அழைக்க முடியாது.