பிரபுவின் சிங்கங்கள்

மனிதன் காருக்குள் அடைபட்டிருப்பான். சிங்கம் வெளியே உலாவும். கண்ணாடியை இறக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. குரங்குகள் காரின் மேலேறி எதையாவது பிய்த்துக் கொண்டு ஓடினாலும் உள்ளே உட்கார்ந்து சிரிக்க வேண்டியதுதான். இங்கிலாந்தின் வில்ட்ஷயர் ஜில்லாவில், லாங்லீட் என்னுமிடத்தில் 1966-ல் திறக்கப்பட்ட சபாரிப் பூங்கா இது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இந்த வகையில் இதுவே முதலாவது. தொழிலாளர் குடும்பங்களும் காசு கொடுத்துப் பார்த்து வருகின்றன. பார்க்கட்டும். ஒரு நாள் சந்தோஷம் அவர்களுக்கும் உரியதே.

ஆனால், இங்கிலாந்துப் புல்வெளிக்குச் சிங்கம் வந்தது ஏன்?

லாங்லீட் ஒரு பிரபுவின் பண்ணை. மன்னன் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து நிலங்களைப் பறித்துக் கொண்ட காலத்தில், 1540-ல், இந்த மடத்து நிலத்தை ஜான் தின் என்பவர் 53 பவுனுக்கு வாங்கினார். அவர் வம்சத்தார் பின்னாளில் பாத் பிரபுக்கள் ஆனார்கள்.

இத்தகைய பண்ணைகளைச் சுற்றி வாழ்ந்த விவசாயக் கூலிகளின் கதி என்ன? முயல் பிடிக்க இரவில் வலையோடு நுழைந்தவனுக்கு ஏழாண்டு தீவாந்தர சிட்சை என்று 1816-ல் சட்டம் போட்டார்கள். 1830-ல் தென் இங்கிலாந்துக் கூலிகள் கூலி உயர்வு கேட்டு எழுந்தார்கள். தங்கள் குளிர்கால வேலையைப் பறித்த கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். வில்ட்ஷயரிலும் அந்தக் கிளர்ச்சி பொங்கியது. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 500 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

அப்படிப்பட்ட நிலத்தின் வாயிலைத் திறந்தது எது? பிரபுவின் இரக்கமா? இல்லை, வரி! பெரும் சொத்துக்காரர் இறந்தால், அந்தச் சொத்து வாரிசுக்குப் போகுமுன் சர்க்காருக்கு ஒரு பங்கு செலுத்த வேண்டும் என்ற சட்டம் 1894-ல் வலுப்பெற்றது. 1946-ல் தொழிற்கட்சி சர்க்கார் அதன் உச்ச விகிதத்தை 75 சதவீதமாக்கியது. அதே ஆண்டு பட்டத்துக்கு வந்த ஆறாவது பாத் பிரபுவின் தலையில் ஏறத்தாழ 7 லட்சம் பவுன் வரி விழுந்தது. நிலத்தில் ஒரு பகுதியை விற்றார். 1949-ல் மாளிகையைத் திறந்துவிட்டு டிக்கெட் போட்டார். அதுவும் போதாமல், சர்க்கஸ்காரர் ஜிம்மி சிப்பர்ஃபீல்டோடு சேர்ந்து சிங்கங்களைக் கொண்டு வந்தார். 1970-ல் பெட்ஃபோர்டு பிரபுவும், 1971-ல் டெர்பி பிரபுவும் அதே வழியில் பூங்கா திறந்தார்கள்.

பிரபுக்களையே டிக்கெட் விற்க வைத்த வரி நல்ல வரிதான். ஆனால் அது பாதி வழியில் நின்று விட்டது. வாயில் திறந்தது, நிலம் கை மாறவில்லை. லாங்லீட் இன்றும் அதே குடும்பத்தின் வசமே இருக்கிறது.

தோழர்களே! இங்கிலாந்து பாதி வழியாவது போயிற்று. நாம்? இங்கும் அதே மாதிரிச் சட்டம் 1953-ல் வந்தது. உச்ச விகிதம் 85 சதவீதம் வரை உயர்ந்தது. 1985-ல் அதை அடியோடு ஒழித்தார்கள். "வசூல் சொற்பம், நிர்வாகச் செலவு அதிகம்" என்று காரணம் சொன்னார்கள். ஓட்டையை அடைக்காமல், குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்று குடத்தையே உடைப்பதா? 2016-ல் செல்வ வரியும் போயிற்று. 2024 தேர்தலில் வாரிசு வரி என்ற பேச்சு எழுந்ததுமே, ஆளும் கட்சி அதைப் பூதமாகக் காட்டியது. காங்கிரசோ அது எங்கள் கொள்கையல்ல என்று கை கழுவியது.

ஆலைத் தொழிலாளி வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் வரி உண்டு. கோடீஸ்வரன் பிள்ளைக்கு உட்கார்ந்த இடத்தில் வந்து சேரும் கோடிகளுக்கு வாரிசு வரி இல்லை! இது எந்த ஊர் நியாயம்?

வாரிசு வரி மீண்டும் வர வேண்டும். ஓட்டையில்லாமல் வர வேண்டும். சங்கக் கூட்டங்களிலும் கிராமக் கூட்டங்களிலும் இந்தக் கோரிக்கையை எழுப்புங்கள். வேலிக்குள்ளிருக்கும் நிலத்தைக் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பதோடு நம் உரிமை முடிந்துவிடவில்லை. அந்த நிலம் யாருடையது என்று கேட்பதும் நம் உரிமையே.